காணாத பொருளும் சொல்ல வேண்டிய சொல்லும்



தஞ்சைத் தரணியில் சீரகச் சம்பா விளைவிக்கும் உழவர் ஒருவர், தம் நெல்லை அரசின் நேரடிக் கொள்முதல் நிலையத்திற்குக் கொண்டு சென்றால், அங்கே சன்ன ரகம், பொது ரகம் என்னும் இரண்டே பிரிவுகள்தாம் உண்டு. நம் வீட்டு நிக்காஹ் பிரியாணிக்கு மணமூட்டும் அந்த நெல்லுக்கெனத் தனி விலை அங்கு இல்லை. எனவே தரகரை நாடுகிறார். தரகர் சொன்னதே விலையாகிறது. அரிசி நம் அடுப்பை அடைவதற்குள் எத்தனை கைகள் மாறுகின்றன!

இன்று அதே உழவரின் மகன் அரிசியைக் கைபேசியில் படம் பிடித்து, விலை குறித்து, கோவையிலுள்ள குடும்பத்திற்கு நேரே அனுப்பிவிட முடிகிறது. 2016-இல் வந்த யு.பி.ஐ. முறையால் பணம் நொடியில் கணக்கில் சேருகிறது. கும்பகோணம் கடைத்தெருவில் கடை பிடிக்க முன்பணம் தேடி அலைய வேண்டியதில்லை. வாங்குவோருக்கும் அரிசி எவர் வயலில் விளைந்தது என்று கேட்டறிய வழி பிறக்கிறது.

கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் ஆண்கள் கடல் கடந்து உழைக்க, வீட்டுப் பொறுப்பு முழுவதையும் சுமக்கும் சகோதரிகள் பலர். பிள்ளையின் பாடநூலுக்கும் மாமியாரின் மருந்துக்கும் எவர் கடைக்குப் போவார் என்று அவர்கள் காத்திருக்க வேண்டிய நிலை குறைந்திருக்கிறது. புர்கா தைப்போரும் பலகாரம் செய்வோரும் வீட்டிலிருந்தே விற்கவும் செய்கிறார்கள். ஆண்டு விற்பனை வரம்புக்குள் இருக்கும் சிறு வணிகர், ஜி.எஸ்.டி. பதிவின்றியே இணையச் சந்தை நிறுவனங்கள் வழியாகத் தம் மாநிலத்திற்குள் பொருள் விற்கலாம் என்னும் சலுகை 2023 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ளது. இதை அறியாதோர் இன்னும் பலர்.

"ஹஜ்ரத், கண்ணால் காணாத பொருளை வாங்குவது கூடுமா?" என்று கிதாபு ஓதும் மாணவர்கள் வினவுவதுண்டு. நல்ல வினாதான். ஆனால் காணாமல் வாங்குவது நமக்குப் புதிதன்று. அஞ்சலட்டை எழுதிப்போட்டு வி.பி.பி.யில் நூல்களைத் தருவித்த தலைமுறை நம்முடையது. அதற்கும் வெகு முன்னரே, மதீனாவாசிகள் கனிகளுக்கு ஓராண்டு, ஈராண்டு முன்னதாகவே விலை கொடுத்து வந்தனர். பெருமானார் (ஸல்) அவர்கள் அதைத் தடுக்கவில்லை. அளவும் எடையும் தவணையும் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று நெறிப்படுத்தினார்கள். இதுவே 'ஸலம்' எனப்படும் முன்பண வணிகம். காணாமல் வாங்கிய பொருளைக் கண்ட பின் ஏற்கவோ மறுக்கவோ ஹனஃபி மத்ஹபு வாங்குபவருக்கு உரிமை தருகிறது. காணாத குறிப்பிட்டதொரு பொருளை விற்பது செல்லாது என்பதே ஷாஃபியீ மத்ஹபில் வலுவான கருத்து. தன்மைகளை முழுமையாக விவரித்துப் பொறுப்பேற்று விற்பதற்கு அங்கும் வழி உண்டு. ஆக, கண் செய்ய வேண்டிய வேலையை விற்பவரின் சொல் செய்ய வேண்டியிருக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு வலீமாவுக்கு இணையத்தில் சீரகச் சம்பா வாங்கினார்கள். படம் அழகாகவே இருந்தது. வந்ததும் சீரகச் சம்பாதான். ஆனால் அண்மையில் அறுத்த புது அரிசி என்பதை விற்றவர் சொல்லவில்லை. தம் திறந்ததும் பிரியாணி குழைந்து கிடந்தது. பண்டாரி பாவம், ஏச்செல்லாம் அவருக்கே!

ஆகவே விற்கும் சகோதரர்களே, எந்தப் பருவத்து அறுவடை, பழையதா புதியதா, பச்சையா புழுங்கலா, நிகர எடை என்ன, எத்தனை நாளில் வந்து சேரும், திருப்பி அனுப்பினால் அஞ்சல் செலவு எவருடையது என்பதையெல்லாம் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். ஒருமுறை இவ்வாறு வாங்கியவர் மறுமுறையும் உங்களையே தேடுவார். பலகாரம் விற்போர் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவையும் பெற்றுக்கொள்ள வேண்டும்.

வாங்குவோரே, 'இன்று மட்டும் தள்ளுபடி' என்ற அறிவிப்பைக் கண்டு தேவையற்றதை வாங்கிக் குவிப்பது இலாபமன்று. விற்பவரின் பெயர், முகவரி, திருப்பித் தரும் நிபந்தனை மூன்றையும் முதலில் பாருங்கள். இவற்றை மறைக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் கூறுகின்றன. உங்கள் புகாரைப் பெற்றதாக நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்திற்குள் தெரிவித்து, ஒரு மாதத்திற்குள் தீர்வு காண வேண்டும். தட்டிக் கழித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். பற்றுச்சீட்டையும், பொட்டலம் பிரிக்கையில் எடுத்த படத்தையும் கைவசம் வைத்திருப்பது நலம்.