அக்டோபரில் விற்க வேண்டிய செடி

அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரத்தில் வாசனை ஜெரேனியம் வாங்கியவர்களின் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: மார்ச்சில் செழித்தது, ஜூலையில் செத்தது. வெயில் தாங்கவில்லை என்று காரணத்தையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். நர்சரித் தொழிலில் இருப்பவர்களும் தலையாட்டிவிட்டு, ஒரு நிழல்வலையை விற்று அனுப்புகிறார்கள். நிழல்வலை வேண்டியதுதான். ஆனால் செடியைக் கொன்றது பகல் வெயில் மட்டுமல்ல. அதில் இரவுக்கும் தண்ணீருக்கும் பெரிய பங்கு உண்டு.

எகிப்தோடு ஒப்பிட்டால் இது விளங்கும். உலகச் சந்தைக்கு வரும் ஜெரேனியம் எண்ணெயில் பெரும்பங்கு எகிப்திலிருந்து வருகிறது. ஃபயூம், பெனி சுயெஃப் வட்டாரங்களில், பாலைவனத்தை ஒட்டிய பாசன வயல்களில் இது விளைகிறது. கோடையில் பகல் 36, 37 டிகிரி. இரவிலோ 22 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். ஃபீனிக்ஸில் ஜூலை மாதத்தின் சராசரிப் பகல் உச்சம் 41, இரவுச் சராசரி 29. 2023-இல் ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை 31 நாளும் வெப்பம் 43 டிகிரியைத் தாண்டியதை எல்லாரும் பேசினார்கள். நம் தொழிலுக்கு அதைவிட முக்கியமான எண் வேறு: அந்த ஜூலை 19 அன்று வெப்பம் 36 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை.

பகலில் இலை சேர்த்ததைச் செடி இரவில் சுவாசத்துக்குச் செலவிடுகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் அந்தச் செலவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். கடும் பகலில் இலைத்துளைகள் மூடிக்கொள்வதால் வரவும் சுருங்குகிறது. இப்படிப் பல வாரம் போனால் தண்டு மெலிந்து, அடியிலைகள் பழுத்து, வேர் நுனிகள் மடியத் தொடங்கும். பகலில் எத்தனை வலை கட்டினாலும் இந்தக் கணக்கு முழுவதும் நேராகாது.

வாசனை ஜெரேனியம் அடங்கிய பெலார்கோனியம் பேரினத்தின் பெரும்பாலான இனங்களுக்குத் தாயகம் தென்னாப்பிரிக்கா. கேப் பகுதியில் மழை குளிர்காலத்தில் பெய்யும். கோடை வறண்டிருக்கும், ஆனால் கேப் டவுனில் கோடை உச்சமே சராசரியாக 26, 27 டிகிரிதான். வறட்சி தாங்கும் செடி என்று நாம் அட்டையில் எழுதுவது பொய்யில்லை. அதை வெப்பம் தாங்கும் செடி என்று படித்துக்கொண்டால் அங்கேதான் தவறு தொடங்குகிறது.

தண்ணீர் விஷயம் இன்னும் சிக்கலானது. ஜூலை மாதம் மாலை நான்கு மணிக்கு இலை துவண்டு தொங்குகிறது. தொட்டியில் ஈரம் இருக்கிறது. இலை இழக்கும் வேகத்துக்கு வேரால் ஏற்ற முடியவில்லை, அவ்வளவுதான். வளர்ப்பவர் பதறி மீண்டும் ஊற்றுகிறார். 20 டிகிரி நீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவில் கரையும் ஆக்சிஜன், 40 டிகிரியில் ஆறரைக்குக் குறைந்துவிடும். வேருக்கோ அப்போதுதான் ஆக்சிஜன் கூடுதலாகத் தேவை. மூச்சுமுட்டிய வேரைப் பித்தியம் என்ற அழுகல் கிருமி பிடித்துக்கொள்கிறது, அடித்தண்டு கறுக்கிறது. ஜூலை, ஆகஸ்டில் அரிசோனாவின் பருவமழை ஈரத்தோடு வரும்போது மண்கலவை காய்வதும் தாமதமாகிறது. வாடிக்கையாளருக்கு நாம் சொல்லித்தர வேண்டிய பாடம் எளியது: மாலையில் பார்த்து முடிவெடுக்காதீர்கள், விடியற்காலையில் பாருங்கள். அப்போது இலை நிமிர்ந்திருந்தால் முந்தைய நாள் துவண்டதைப் பொருட்படுத்த வேண்டாம். விடியலிலும் துவண்டிருந்தால் கலவைக்குள் விரல் விட்டுப் பாருங்கள்; உள்ளே ஈரமிருந்தால் வேர் கெட்டிருக்கிறது, தண்ணீர் அதற்கு மருந்தல்ல.

தொட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிற்பகல் வெயில் நேரே படும் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டிக்குள் சுவரோரக் கலவை 50 டிகிரியைத் தொடும். கறுப்புத் தொட்டியில் வளர்த்து அப்படியே விற்கும் பழக்கம் நமக்கு வசதி, செடிக்கு இல்லை. வெளிர்நிறத் தொட்டி ஒன்றுக்குள் அதை இறக்கி வைத்தாலே வேருக்குப் பெரிய ஆறுதல். கிழக்கு முகம் நல்லது. மேற்குச் சுவர் ஓரம் கூடவே கூடாது. பகலில் குடித்த சூட்டை அது இரவெல்லாம் உமிழும்.

கொலராடோ ஆற்றிலிருந்து ஃபீனிக்ஸுக்குக் கால்வாயில் வரும் நீரில் லிட்டருக்கு 600 மில்லிகிராம் அளவில் உப்பு கரைந்திருக்கிறது, காரத்தன்மையும் உண்டு. சிறிது சிறிதாக ஊற்றினால் உப்பு தொட்டியிலேயே தங்கி இலையோரம் கருகும். ஊற்றும்போது அடித்துளை வழியே கொஞ்சம் ஓடும்வரை ஊற்றி, பிறகு காயவிட வேண்டும். நரம்பு பச்சையாக, இடைப்பகுதி மஞ்சளாக வெளிறினால் ஈடிடிஎச்ஏ வகை இரும்பைக் கொடுங்கள். ஈடிடிஏ வகை காரக் கலவையில் நிற்காது. ஜூன் முதல் செப்டம்பர் வரை உரமும் வேண்டாம், கடுங்கவாத்தும் வேண்டாம். மூடியிருந்த தண்டை அந்த வெயிலில் திறந்துவிட்டால் பட்டை வெந்துவிடும்.

ரகங்களில் ரோஜா மணக் கலப்பினங்களும் ஓக் இலை வகையும் ஓரளவு நம்பத்தக்கவை. புதினா மணமுள்ள டொமென்டோசம் ஈரமான நிழலிடத்துச் செடி. பாலைவன வாசலில் அதை வைத்து விற்பதை நிறுத்துவதே நேர்மை.

உண்மையில் இங்கே ஜெரேனியத்தின் வளரும் பருவம் அக்டோபர் முதல் மே வரை. டிசம்பர், ஜனவரியில் எப்போதாவது வரும் உறைபனிக்கு ஒரு துணி போர்த்தினால் போதும். கோடை என்பது தாய்ச்செடியை உயிரோடு வைத்திருக்கும் காலம் மட்டுமே. இந்தியாவிலும் இதே தீர்ப்புதான் கிடைத்தது. நீலகிரி, கொடைக்கானல் குளிரில் ஆண்டுக்கணக்கில் நிற்கும் பயிர் வட இந்தியச் சமவெளிக்கு இறங்கியபோது, லக்னோவிலுள்ள மத்திய மருத்துவ, நறுமணத் தாவர நிறுவனம் அதைக் குளிர்காலத்தில் நட்டுக் கோடையில் அறுக்கும் ஒருபருவப் பயிராக்கியது. மழைக்காலத்தில் தாய்ச்செடிகளை மட்டும் செலவு குறைந்த பாலித்தீன் கூரையின்கீழ் காப்பாற்றி, அவற்றிலிருந்து அடுத்த பருவத்துக்குக் குச்சி எடுக்கிறார்கள். பாலைவன நகரங்களில் ஏப்ரலில் நான்கைந்து குச்சிகளை வேரூன்றவைத்து வீட்டுக்குள் விளக்கொளியில் வைத்துக்கொள்வது அதே வேலையின் சிறிய வடிவம்.

விற்பனை நாட்காட்டி மட்டும் மாறவில்லை. வசந்தகாலத்தில், செடி தோற்கப்போகும் பருவத்தின் வாசலில், அது தட்டுத்தட்டாக வந்து இறங்குகிறது. 'சிட்ரோசா' ரகத்தைக் கொசுவிரட்டி என்று அட்டை கட்டி விற்பது இன்னும் மோசம். சும்மா நின்றிருக்கும் செடி கொசுவை விரட்டுவதில்லை என்று 1996-இல் வெளியான ஆய்வே காட்டிவிட்டது. கொசுவுக்காக வாங்கியவர் அதைக் கோடையில்தான் வாசலில் வைப்பார். கொசுவும் போகாது, செடியும் தங்காது.

வசந்தகால விற்பனைதான் ஆண்டு வருமானம் என்பது வணிகர் பக்கத்து வாதம். நியாயம்தான், வாடகை அக்டோபர்வரை காத்திருக்காது. அப்படியானால் முதல் படியாக, குச்சி வைப்பவர்கள் பாதித் தட்டுகளையாவது அக்டோபர், நவம்பர் விற்பனைக்கு ஒதுக்கட்டும். மே மாதத்தில் விற்கும் தொட்டியின் அட்டையில் கொசுப் படத்துக்குப் பதிலாக மூன்று வரி போதும்: பிற்பகல் வெயில் கூடாது, விடியலில் பார்த்துத் தண்ணீர் விடுங்கள், ஜூனுக்கு முன் இரண்டு குச்சி ஒடித்து வீட்டுக்குள் வையுங்கள்.