மகனும் வயதுக்கு வருகிறான்

 

நமது வீடுகளில் பெண்பிள்ளை பெரியபிள்ளையானால் அந்தச் செய்தி ராத்தா, சாச்சி, மாமி எல்லோருக்கும் தெரிந்துவிடும். குளிப்பது எப்படி, தொழுகை எந்நாட்களில் இல்லை என்பதெல்லாம் உடனேயே சொல்லிக் கொடுக்கப்படும். ஆண்பிள்ளைக்கோ சின்ன வயதில் சுன்னத்து வைத்துச் சோறு கொடுத்ததோடு நமது கடமை முடிந்துவிடுகிறது. அவன் பாலிகாகும் நாள் யாருக்கும் தெரியாமல் வந்து போய்விடுகிறது.

இதனால் விளையும் தீங்கு சிறிதல்ல. ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் படிக்கும் மகன் திடீரென ஸுபஹுக்கு எழும்ப மறுக்கிறான். உம்மா சோம்பல் என்கிறார், வாப்பா ஏசுகிறார். அவன் மீது குளிப்புக் கடமையாகியிருக்கலாம் என்று எவரும் நினைப்பதில்லை. விடியுமுன் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டால் "இந்த நேரத்தில் என்ன குளிப்பு?" என்று கேட்பார்களே என்ற வெட்கம் அவனுக்கு. ஒரு நாள் விட்ட தொழுகை ஒரு கிழமையாகிறது. பிறகு பள்ளிப் பக்கமே போவதில்லை. குளிப்புக் கடமை என்பதே தெரியாமல் வுழூவுடன் மட்டும் தொழுகையில் நிற்கும் பிள்ளைகளும் உண்டு.

கனவில் இந்திரியம் வெளிப்படுவது நோயுமல்ல, பாவமுமல்ல. நிய்யத்து வைத்து, முடியின் அடிவரை உடம்பு முழுவதும் தண்ணீர் படக் குளித்தால் கடமை நீங்கிவிடும். ஷாபிஈ மத்ஹபில் இந்திரியம் நஜீஸும் அல்ல. படுக்கை விரிப்பை ஒளித்து வைத்து அவன் தவிக்க வேண்டியதில்லை. நோன்புப் பகலில் தூக்கத்தில் இது ஏற்பட்டாலும் நோன்பு முறியாது. குளிக்காத நிலையில் ஸுபஹ் நேரம் வந்துவிட்டாலும் அன்றைய நோன்பு கூடும். இதை அறியாமல், நோன்பு போய்விட்டதென்று ஒளித்துச் சாப்பிடும் பிள்ளைகளை என்னவென்பது!

இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியவர் வாப்பா. அவர் கட்டாரிலோ சவூதியிலோ இருந்தால் மாமா சொல்லட்டும், அல்லது மூத்த நானா. ஒருவரும் இல்லையென்றால் நீங்களே சொல்லுங்கள். பெண்களுக்கு ஏற்படும் கனவு பற்றி நபி (ஸல்) அவர்களிடம் நேரிலேயே கேட்டவர் உம்மு ஸுலைம் (ரழி) அவர்கள். நாம் வாய் மூடியிருந்தால் கைத்தொலைபேசி அவனுக்குச் சொல்லும். அது எதைச் சொல்லும் என்பது உங்களுக்குத் தெரியும்.

உம்மு ஸுலைம் (ரழி) அவர்களின் மகன்தான் அனஸ் (ரழி). பத்து வயதில் நபியவர்களின் பணிக்கு வந்து, பத்து வருடங்கள் அங்கேயே வளர்ந்து வாலிபரானவர். ஒரு முறை அலுவலாக அனுப்பப்பட்டவர், வழியில் விளையாடும் சிறுவர்களிடம் நின்றுவிட்டார். நபியவர்கள் பின்னால் வந்து அவருடைய பிடரியைப் பிடித்தார்கள். திரும்பிப் பார்த்தால் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்! நம்மில் சிலரோ, மீசை அரும்பிய மகனைக் கூட்டாளிமார் முன்னிலையில் ஏசுகிறோம்.

வயதைக் கணக்கிடுவதிலும் கவனம் தேவை. இப்னு உமர் (ரழி) அவர்கள் பதினான்கு வயதில் உஹதுப் போருக்கு ஏற்கப்படவில்லை. பதினைந்தில் கந்தக் போருக்கு ஏற்கப்பட்டார்கள். ஒன்பது வயதின் பின் இந்திரியம் வெளிப்பட்டால் அன்றே பாலிக். வெளிப்படாவிட்டாலும் பதினைந்து வயது பூர்த்தியானால் பாலிக். இவை ஹிஜ்ரி வருடங்கள்; ஒன்றுக்கு ஏறத்தாழ 354 நாட்கள்தான். பிறப்புச் சாட்சிப் பத்திரப்படி பதினான்கு வருடம் ஆறரை மாதத்திலேயே பதினைந்து நிறைந்துவிடும். "சாதாரண தரப் பரீட்சை முடியட்டும், பிறகு தொழட்டும்" என்று சொல்லும் உம்மாமார் இதைக் கவனிக்கவும்.

பிள்ளைகள் பருவமடைந்தால் எந்நேரமும் அனுமதி கேட்டே பெற்றோரின் அறைக்குள் வரவேண்டும் என்கிறது ஸூரத்துந் நூர் (24:59). அவனுடைய கதவையும் நாம் தட்டிவிட்டுத் திறப்பது நல்லது என்பேன். தனி அறைக்கு வசதியில்லாத வீட்டில் ஒரு திரைச் சீலையாவது போடலாம். பத்து வயதிலேயே படுக்கையைப் பிரித்துவிட வேண்டும்.

பாலிகான பின் விடுபட்ட தொழுகைகளையும், கடமைக் குளிப்பின்றித் தொழுதவற்றையும் களாச் செய்ய வேண்டும். ஒளித்துச் சாப்பிட்ட நோன்புகளும் அப்படியே. எண்ணிக்கை சரியாகத் தெரியாவிட்டால் கூட்டியே கணக்கிடச் சொல்லுங்கள். அந்தக் கணக்கை ஏச்சில்லாமல், அவனோடு பக்கத்தில் இருந்து போட்டுக் கொடுங்கள்.