போனை எடுப்பவருக்கு எப்போது பயிற்சி?

சாலை விபத்தில் காயமடைந்தோருக்கான கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தை மத்திய அரசு 2025 மே 5 அன்று அறிவிக்கையாக வெளியிட்டது. ஒருவருக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை, விபத்து நடந்த நாளிலிருந்து ஏழு நாள் வரை, பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். இதை முழு மனதோடு வரவேற்கிறோம். கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த வழக்கில், மார்ச் 14-க்குள் திட்டம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 8-இல் கெடு வைத்திராவிட்டால் இதற்கு வழிசெய்யும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 162-ஆம் பிரிவு இன்னும் தாளிலேயே கிடந்திருக்கும். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரிலிருந்தே 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' என்ற மாநில அரசின் கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டம் நடப்பதால் பணப் பக்கம் நமக்குப் பெரிய மாற்றம் இல்லை. மாற்றம் அவசர அழைப்பை எடுக்கும் நம் மேசையில்தான். 112-ஐ அழைப்பவருக்கு அருகில் உள்ள பட்டியல் மருத்துவமனையைச் சொல்வதும் வண்டி ஏற்பாடு செய்வதும் இந்தத் திட்டத்தின் பகுதி. அந்த அழைப்பை எடுப்பவருக்கு என்ன பயிற்சி, எத்தனை நாள், யார் சான்று தருவது என்பதை மட்டும் யாரும் பேசவில்லை.

அந்தச் சட்டத்தின் 2(12ஏ) பிரிவைத் திரும்பப் படியுங்கள். பொன்னான நேரம் என்பது காயம் பட்டதிலிருந்து ஒரு மணி நேரம். நம் திரையில் ஓடும் கடிகாரமோ அழைப்பு விழுந்த நொடியில் தொடங்குகிறது. சாலையோரம் நிற்பவர் அதிர்ச்சியிலிருந்து மீண்டு, போனை எடுத்து, எண்ணை அழுத்துவதற்குள் ஓடிப்போன நிமிடங்கள் நம் கணக்கில் வருவதே இல்லை. ஆகவே மிச்சமிருக்கும் நேரத்தில் ஒவ்வொரு கேள்வியும் எந்த வரிசையில் வருகிறது என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

முதல் கேள்வியாகப் பெயரைக் கேட்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. விபத்தைத் தெரிவிக்கப் போன் செய்பவரை அவருடைய பெயரையோ சொந்த விவரத்தையோ சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2015 மே 12-இன் வழிகாட்டு நெறி சொல்கிறது. 2016 மார்ச் 30-இல் உச்ச நீதிமன்றம் அதற்குச் சட்ட வலுவே கொடுத்தது. 2019 திருத்தத்தில் 134ஏ பிரிவும் வந்துவிட்டது. போலீஸ், கோர்ட் என்ற பயத்தோடு பேசுகிறவரிடம் "உங்க பேரு சொல்லுங்க" என்று தொடங்கினால் அவர் போனை வைத்துவிடுவார். இடம்தான் முதல் கேள்வி.

இடம் கேட்பதும் கற்றுத்தர வேண்டிய வேலை. "திருச்சி டோல்கேட் பக்கம்" என்று ஓர் அழைப்பு வருகிறது. கொள்ளிடத்துக்கு வடக்கே உள்ள ஒன்றாம் நம்பர் டோல்கேட்டா, ஊருக்குள் இருக்கும் டி.வி.எஸ். டோல்கேட்டா, சமயபுரம் சுங்கச்சாவடியா? நான்கு வழிச் சாலை என்றால் சென்னை போகும் பக்கமா, மதுரை போகும் பக்கமா? தடுப்புச் சுவரில் திறப்பு எங்கே என்று தெரியாமல் எதிர்ப்பக்கம் போய் நிற்கும் வண்டி, பல கிலோமீட்டர் சுற்றி வர வேண்டியிருக்கும். திரையில் விழும் இருப்பிடப் புள்ளி உதவும், ஆனால் போனில் இருப்பவர் விபத்தைக் கடந்து வந்த பிறகு பேசுகிறார் என்றால் அது அவர் நிற்கும் இடத்தைத்தான் காட்டும்.

இந்த இதழ் ஆரம்பத்திலிருந்து கேட்டுவருவது வேறொன்று. இடம் கிடைத்தது, வண்டி கிளம்பியது. அது வந்து சேரும் வரை போனில் என்ன சொல்கிறோம்?

தொடையில் வெட்டுப்பட்டு ரத்தம் பீறிட்டால், வண்டி எவ்வளவு வேகமாக வந்தாலும் தாமதமாகிவிடக் கூடும். பக்கத்தில் நிற்பவரின் உள்ளங்கைதான் அப்போதைக்கு மருந்து. "சுத்தமான துணி எடுங்க, காயத்து மேல வச்சு நல்லா அழுத்துங்க, எடுத்து எடுத்துப் பாக்காதீங்க, துணி நனைஞ்சா அதுக்கு மேலயே இன்னொன்னு வைங்க" என்று நான்கு வாக்கியம் போதும். மயங்கிக் கிடப்பவர் வாயில் சோடா ஊற்றாதீர்கள், ஹெல்மெட்டைப் பிடித்து இழுக்காதீர்கள், ஆட்டோவில் மடக்கிப் படுக்க வைக்காதீர்கள் என்று தடுப்பதற்கும் ஒரு குரல் வேண்டும். "மூச்சு இருக்குங்க, குறட்டை மாதிரி வருது" என்று ஒருவர் சொன்னால், அது நல்ல செய்தி இல்லை என்று கேட்ட மாத்திரத்தில் புரிய வேண்டும். மூச்சுப்பாதை அடைபட்டிருக்கலாம், இதயம் நின்றே போயிருக்கலாம். கையேட்டைப் படித்து இது வராது. பதிவான அழைப்புகளைத் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் காது பழகும்.

இது புதுக் கோரிக்கையும் அல்ல. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் ஜெஃப் கிளாசன் 1970-களின் கடைசியிலேயே இதற்கான கேள்வி அட்டைகளை எழுதிவிட்டார். இதயம் நின்றவரை 90 நொடிக்குள் போனிலேயே அடையாளம் காண வேண்டும், 150 நொடிக்குள் முதல் மார்பு அழுத்தம் தொடங்கியிருக்க வேண்டும் என்று அமெரிக்க இதயச் சங்கம் அளவுகோலே வைத்திருக்கிறது. அங்கே அளப்பது இதை. நாமோ அழைப்பின் சராசரி நீளத்தை அளக்கிறோம். சீக்கிரம் முடித்தவருக்கு நல்ல மதிப்பெண் தரும் அறையில், ரத்தத்தை நிறுத்த ஆறு நிமிடம் கூடவே இருந்தவர் அறிக்கையில் குற்றவாளியாகத் தெரிவார். இது அநியாயம்.

2021-இல் துணைநிலை மற்றும் சுகாதாரப் பணிகளுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்தபோது, அதன் அட்டவணையில் அவசர மருத்துவத் தொழில்நுட்பருக்கு இடம் கிடைத்தது. முதல் ஆளாக நோயாளியைக் கேட்பவருக்கு இடம் கிடைக்கவில்லை. அட்டவணையில் இல்லாததால் பதிவேடு இல்லை, பதிவேடு இல்லாததால் பாடத்திட்டம் இல்லை, பாடத்திட்டம் இல்லாததால் எத்தனை நாள் பயிற்சி என்பது வேலை கொடுப்பவரின் விருப்பம். முறையிட்டால் "கால் சென்டர் வேலைதானே" என்று பதில் வருகிறது. குழந்தையின் கடைசி மூச்சைக் காதில் வாங்கிவிட்டு அடுத்த நொடியே அடுத்த அழைப்பை எடுக்கும் வேலைக்கு அந்தப் பெயர் பொருந்தாது. 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 108 தொடங்கிய நாளிலிருந்து எத்தனை புது வண்டிகளுக்குக் கொடி அசைத்தார்கள்! போனை எடுக்கும் ஒருவருக்குச் சான்றிதழ் கொடுக்க ஒரு மேடை போட்டதாக நினைவில்லை.

டெல்லிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. மாநில அரசு நினைத்தால் ஓர் அரசாணையில் முடியும் காரியம் இது: வகுப்பறைப் பாடம், மூத்தவரோடு ஹெட்செட் போட்டு உட்காரும் நாட்கள், மையத்து மருத்துவர் முன்னிலையில் மாதந்தோறும் அழைப்பு ஆய்வு, இரண்டாண்டுக்கு ஒருமுறை சான்று புதுப்பிப்பு, மோசமான அழைப்புக்குப் பின் கட்டாய ஓய்வு. வண்டி வரும் வரை சொல்லவேண்டிய முதலுதவி வாக்கியங்களைப் பேச்சுத் தமிழில் எழுதி ஒவ்வொரு மேசையிலும் வைக்க அரசாணைகூட வேண்டாம்.

வாசகர்களே, உங்கள் மையத்தில் பணியில் சேரும்போது எத்தனை நாள் பயிற்சி தந்தார்கள், போன் வழி முதலுதவி அதில் இருந்ததா, கடைசியாக எப்போது மறுபயிற்சி நடந்தது என்ற மூன்றையும் எழுதி அனுப்புங்கள். பெயர் வேண்டாம், மாவட்டம் போதும். எல்லாவற்றையும் தொகுத்து சுகாதாரத் துறைச் செயலரிடம் நேரில் கொடுப்போம்.