மவுண்டன் வியூ

அந்த நோட்டீஸைப் பாத்திருப்பீங்க. கோயமுத்தூருக்கு மேற்கால சைட் போடறவங்க எல்லாரும் ஒரே பிரஸ்ல அடிப்பாங்க போல. டிடிசிபி அப்ரூவ்டு. தார் ரோடு. பத்து நிமிஷத்துல ஸ்கூல், காலேஜ், ஆஸ்பத்திரி. வாசலைத் திறந்தா மவுண்டன் வியூ. இத்தனையும் போட்டவங்க, அந்த மவுண்டன்ல யாரு குடியிருக்காங்கன்னு மட்டும் போடமாட்டாங்க. கேட்டா? "யானைங்களா? அதெல்லாம் அந்தப் பக்கமுங்க." எந்தப் பக்கம்? மலைக்கு அந்தப் பக்கம் கேரளாங்க!

நான் இருக்கறதும் இதே அடிவாரத்துலதான். தடாகம், மருதமலை, தொண்டாமுத்தூர்னு மலையோரமா யானை காலங்காலமா நடக்கற தடம். வளர்ந்த யானைக்கு ஒரு நாளைக்கு 150 கிலோ தீனி வேணும், 100 லிட்டருக்கு மேல தண்ணி வேணும். ஒரே இடத்துல நின்னு தின்னா காடு தாங்காது. நடந்துதான் ஆகணும். போன வருஷம் நடந்த தடத்துல இந்த வருஷம் ஒரு ரிசார்ட்டு, ஒரு காலேஜ், ஒரு காம்பவுண்டு சுவரு. அது என்ன கூகுள் மேப்பைப் பாத்துட்டா வருது, ரூட்டை மாத்திக்க?

தடாகத்துல செங்கல் சூளைக்காரங்க செம்மண்ணை ஆள் உயரத்துக்கு மேல தோண்டினாங்க. தோண்டினது போதாதுன்னு, சூளையில எரிக்கப் பனைமரத்தை வெட்டிக் கொண்டாந்து குவிச்சாங்க. பனஞ்சோறுன்னா யானைக்கு உசுரு. விருந்து வெச்சுக் கூப்பிட்டுட்டு, "ஐயோ, யானை வந்திருச்சு"ன்னா எப்படி? 2021-ல 180-க்கு மேற்பட்ட சூளைகளை மூடச் சொல்லி உத்தரவு வந்துச்சு. சூளை நின்னுது. விருந்து நிக்கல. இப்ப அதை நாங்க வைக்கறோம்.

ஆமாங்க, எங்க குடியிருப்புக்காரங்கதான். ராத்திரி மிஞ்சின சாம்பார் சாதம், ஊசிப்போன பொரியல், அப்பளம் பொரிச்ச எண்ணெய் எல்லாத்தையும் ஒரு பாலிதீன் கவர்ல போட்டு, இறுக்கி முடிச்சுப் போட்டு, பின்பக்கக் காம்பவுண்டுக்கு மேல ஒரே வீச்சு. என்ன குறி, என்ன குறி! ஒலிம்பிக்ஸ்ல குண்டு எறியப் போகவேண்டியவங்க. அந்தக் கவர்ல உப்பு வாசனை இருக்கு. யானை முடிச்சை அவுத்துட்டா தின்னும்? கவரோடதான் போகுது உள்ள.

2025 மே மாசம் மருதமலை அடிவாரத்துல ஒரு பெண் யானை விழுந்து கிடந்துச்சு. கிரேன் வெச்சுத் தாங்கி நிறுத்தினாங்க, டாக்டருங்க என்னென்னமோ பண்ணிப் பாத்தாங்க. பொழைக்கல. போஸ்ட்மார்ட்டம் பண்ணினா வயித்துல பிளாஸ்டிக். கர்ப்பத்துல ஒரு குட்டி வேற. யானைக்கு இருபத்திரண்டு மாசம் சுமக்கணும். இது பாதிக்கு மேல தாண்டிருச்சுன்னாங்க. எங்க வாட்ஸ்அப் குரூப்ல அன்னிக்கு ஒரே அழுகை. எத்தனை எமோஜி, எத்தனை 'ரிப்'! மறுநாள் காலையில பின்பக்கம் போய்ப் பாக்கறேன், அதே கவரு, அதே முடிச்சு.

பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட மெதுவா சொன்னேன். "சார், எல்லாருந்தான போடறாங்க? நான் ஒருத்தன் நிறுத்தினா யானை வராதா?" என்றார். கவர்மென்ட் ஆபீஸுக்குப் போய்ச் சொன்னேன். "அந்த இடம் எங்க லிமிட்ல வராதுங்க" என்றார் ஒருத்தர். அவர் கை காட்டின ஆபீஸ்ல, "குப்பைன்னா அவங்கதாங்க பாக்கணும்" என்றார் இன்னொருத்தர். ரெண்டு பேருமே மரியாதையாத்தான் சொன்னாங்க, அதையும் சொல்லணும். ஒருத்தர் டீ கூட வாங்கிக் குடுத்தார். பேப்பர் கப்புல.

சரி, யானை வந்திருச்சுன்னு வைங்க. அப்ப பாக்கணும் கூத்தை. எங்கிருந்துதான் அத்தனை பைக்கு வருமோ? ஹெட்லைட்டை அடிச்சு, ஹாரனை அமுக்கி, விசிலடிச்சு, ரீல்ஸ் எடுத்து... பச்சைக் கொழந்தையை பெட்ரோல் டேங்க் மேல உக்காத்தி வெச்சுட்டு வர்ற அப்பன்மாரை என்னன்னு சொல்றது? நடுவுல மாட்டிக்கறது வேட்டைத் தடுப்புக் காவலருங்கதான். காட்டுல பொறந்து வளர்ந்த பழங்குடிப் பசங்க நெறையப் பேரு. கையில ஒரு டார்ச்சு, நாலு பட்டாசு. யானையை வெரட்டறதா, ஜனங்களை வெரட்டறதா? விடியற வரைக்கும் தூங்காம நின்னவனைப் பாத்து, "என்னய்யா, வந்ததே லேட்டு"ன்னு ஒரு சவுண்டு.

அடுத்தது யானைக்குப் பேரு வெக்கறது. சின்னத்தம்பி, பாகுபலி, அரிக்கொம்பன், ராதாகிருஷ்ணன். பேரு வெச்சு ஃபேன்ஸ் கிளப் வரைக்கும் போறது. அப்புறம் லாரியில ஏத்தச் சொல்றது. சின்னத்தம்பியை 2019 ஜனவரியில மயக்க ஊசி போட்டுப் பிடிச்சு டாப்சிலிப் காட்டுல விட்டாங்க. அது பாட்டுக்குத் திரும்பி நடந்து, உடுமலைப்பேட்டைப் பக்கம் கண்ணாடிப்புத்தூர் கரும்புக் காட்டுல வந்து நின்னுச்சு. மறுபடி பிடிச்சு வரகளியாறு முகாம்ல மரக்கூண்டு. அரிக்கொம்பனை 2023-ல சின்னக்கானல்ல இருந்து கொண்டுபோய்ப் பெரியாறுல விட்டா, ஒரே மாசத்துல கம்பம் டவுனுக்குள்ள நடக்குது. அப்புறம் முண்டந்துறைக்கு. இடத்தை மாத்தினா குணம் மாறிடும்னு யாரு சொன்னது? கவர்மென்ட் ஆபீஸ் டிரான்ஸ்ஃபர்னு நெனச்சுட்டாங்களா?

விவசாயி பேசறது வேற. அவர் ஆதங்கம் நியாயம். பத்து மாசம் பாத்துப் பாத்து வளர்த்த வாழை ஒரே ராத்திரியில காலி. நஷ்ட ஈடு கேட்டா அந்த சர்ட்டிஃபிகேட், இந்த போட்டோ, நாளைக்கு வாங்க. கோபம் வரத்தான் செய்யும். ஆனா சோலார் வேலி வேற, மெயின் லைன்ல கொக்கி போடறது வேற. சோலார் வேலி விட்டு விட்டு ஒரு வெட்டு வெட்டும், யானை திரும்பிப் போயிடும். மெயின் லைன் கொன்னே போட்டுரும். 2023 மார்ச்சுல தருமபுரி மாரண்டஅள்ளிப் பக்கம் மூணு பெண் யானைங்க அப்படித்தான் செத்துச்சு. ரெண்டு குட்டிங்க தப்பிச்சு, செத்துக் கெடந்த தாய்ங்களையே சுத்திச் சுத்தி வந்துச்சு. மின்வேலிக்குப் பதிவு வேணும்னு தமிழ்நாட்டுல விதிமுறை வந்ததும் அதே 2023-லதான். அது வரைக்கும் என்ன பண்ணிட்டு இருந்தோம்?

படிக்காத ஆளு, தெரியாமப் பண்ணிட்டான்னு சொல்லித் தப்பிக்கவும் முடியாது. சீகூர் யானை வழித்தடத்துல ரிசார்ட் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2020 அக்டோபர்ல அடிச்சுச் சொன்னது. மூணே மாசம். 2021 ஜனவரியில, அதே தடத்து மசினகுடிப் பக்கம், சுத்துலாக்காரங்க தங்கற ஒரு கட்டடத்துல இருந்து, எரியற டயரைத் தூக்கி யானை மேல எறிஞ்சாங்க. தீ காதுல மாட்டிக்கிட்டு அது ஓடின வீடியோவை நான் முழுசாப் பாக்கல. உங்களால முடிஞ்சுதா?

முடியாத காரியம்னா விட்டுத் தொலைக்கலாம். முடியுதே, அதுதான் எரிச்சலே! நவக்கரைகிட்ட 2021 நவம்பர்ல ரயில் மோதி ஒரே ராத்திரியில மூணு யானை போச்சு. அதுக்கப்புறம் மதுக்கரையில 12 டவர், தெர்மல் கேமரா, ஏஐ எல்லாம் வெச்சாங்க, 2024-ல ஆரம்பிச்சது. யானை தண்டவாளத்துப் பக்கம் வந்தா ரயில்காரருக்குத் தகவல் போகுது, வண்டி மெதுவாப் போகுது. ஏழு கோடி சொச்சம் செலவு. தண்டவாளத்துக்கு அடியில யானை போக சப்வே கூட இருக்கு. ஓடற எக்ஸ்பிரஸை நிறுத்தத் தெரிஞ்ச ஊர்ல, ஒரு சாம்பார் கவரை நிறுத்த முடியல.

எங்க அசோசியேஷன் மீட்டிங்ல போன ஞாயித்துக்கிழமை இதைத்தான் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினாங்க. செக்ரட்டரி எந்திரிச்சார். ஒரு மணி நேரம் பேசி, ஏகமனதா ஒரு தீர்மானம் நிறைவேத்தினாங்க. யானை நம்ம லேஅவுட் பக்கமே வராம இருக்க ஒரு கணபதி ஹோமம்! ஆமாங்க, கணபதிகிட்டயே. வீட்டுக்கு ஐந்நூறு ரூபா, அன்னதானம் உண்டு, கேட்டரிங் சொல்லியாச்சு. சாப்பிட்ட எலையெல்லாம் எங்க போடறதுன்னு குரூப்ல கேட்டேன்.

"அதான் காம்பவுண்டுக்குப் பின்னாடி அவ்வளவு இடம் கெடக்கே சார்" என்று ஒரு பதில். அதுக்கு ஏகப்பட்ட தம்ஸ் அப்.