முடி கொட்டுகிறதா? கால்வாய்க் கரிசாலையைத் தொடாதீர்கள்!

மூலிகைக் கேள்வி-பதில்

“எனக்கு 36 வயது. 40 சென்ட் நிலத்தில் கீரை போடுகிறோம். ஐப்பசியில் டைபாய்டு வந்து, படுத்து எழுந்தேன். பொங்கலுக்குப் பிறகு சீப்பை வைத்தாலே முடி கொத்துக்கொத்தாக வருகிறது. கடையில் 600 ரூபாய் கொடுத்து வாங்கிய எண்ணெயிலும் பலனில்லை. எங்கள் ஏரிக் கால்வாய் ஓரம் கரிசலாங்கண்ணி மண்டிக் கிடக்கிறது. பறித்து எண்ணெய் காய்ச்சலாமா?”
- வாசகி, பூந்தமல்லி

தாராளமாகக் காய்ச்சலாம். ஆனால், அந்தக் கால்வாய்ச் செடி வேண்டாம்.

கரிசாலை ஈரம் கண்ட இடத்தில் முளைக்கும். சாக்கடை ஓரமும் அதற்குத் தோதுதான். மண்ணிலும் நீரிலும் உள்ள ஈயம், காட்மியம் போன்றவற்றை அது உறிஞ்சிக்கொள்ளும். எண்ணெயில் காய்ச்சினாலும் உலோகம் அழியாது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் ஏரிக் கால்வாய்கள் பல இன்று கழிவுநீரைச் சுமக்கின்றன. கொரட்டூர் ஏரி விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. அப்படிப்பட்ட இடத்துச் செடியைக் கீரையாகச் சமைக்கவே கூடாது.

உங்களிடம் நிலம் இருக்கிறதே! நல்ல கிணற்று நீர் பாயும் வாய்க்கால் ஓரம் ஒரு சிறு பாத்தி போதும். சுத்தமான இடத்திலிருந்து தண்டை வெட்டி வந்து ஈரமண்ணில் நட்டால், கணுவில் வேர் விடும். வெள்ளைப்பூதான் அடையாளம். இலையைக் கசக்கினால் சிறிது நேரத்தில் விரல் கருக்கும். சாலை நடுவே அழகுக்கு வைத்திருக்கும் மஞ்சள்பூச் செடியைக் கரிசாலை என்று பறித்து ஏமாற வேண்டாம்.

எண்ணெய் காய்ச்சும் முறை

கரிசாலையை நன்றாகக் கழுவி, இடித்துப் பிழிந்த சாறு அரை லிட்டர், செக்குத் தேங்காய் எண்ணெய் அல்லது நல்லெண்ணெய் அரை லிட்டர். இரண்டையும் இரும்புச் சட்டியில் ஊற்றிச் சிறுதீயில் காய்ச்சவும். அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டே இருக்கவும். சடசடப்பு அடங்கி, அடியில் உள்ள கசண்டை எடுத்து உருட்டினால் மெழுகுபோல் திரள வேண்டும். அதைத் தீயில் போட்டால் வெடிக்கக் கூடாது. வெடித்தால் ஈரம் இருக்கிறது என்று பொருள். எண்ணெய் பூசணம் பிடித்துவிடும். ஆறவைத்து வடிகட்டி, ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் வைக்கவும்.

முதலில் முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பாருங்கள். அரிப்பு இல்லையென்றால் வாரம் இரண்டு முறை தலையில் தேய்த்து, ஒரு மணி நேரம் கழித்து அலசலாம்.

இதனால் வறட்சி குறையும், முடி உடைவது குறையும். கரிசாலைச் சாறு எலிகளுக்கு முடி வளர்ச்சியைத் தூண்டியதாக ஆய்வுகள் உண்டு. மனிதர்களிடம் அந்த அளவுக்கு உறுதியாகவில்லை. அதனால், ‘ஏழே நாளில் முடி’ என்று யார் சொன்னாலும் பணத்தை இறக்காதீர்கள்.

உங்கள் முடி கொட்டுவதற்குக் காரணம் அநேகமாக அந்தக் காய்ச்சல்தான். கடும் காய்ச்சல், பிரசவம், அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி மொத்தமாகக் கொட்டும். வேறு குறையில்லை என்றால் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் தானாகவே திரும்ப வளரும்.

அந்தக் குறை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. தைராய்டு பரிசோதனையும் மருத்துவரிடம் கேளுங்கள். ரத்தசோகை இருந்தால் எந்த எண்ணெயும் முடியைக் காக்காது. மருத்துவர் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் சாப்பிட வேண்டும். கூடவே முருங்கைக்கீரை, கேழ்வரகு, எள், ஒரு நெல்லிக்காய். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கத்தை விடுங்கள்; அது இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது.

வட்டவட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, தலையில் புண், சீழ் இருந்தாலோ எண்ணெய் தேய்க்காமல் மருத்துவரைப் பாருங்கள். சித்த மருத்துவம்தான் வேண்டும் என்றால், உங்களுக்குப் பக்கம் அரும்பாக்கம் அறிஞர் அண்ணா அரசு மருத்துவமனை. எண்ணெய் காய்ச்ச நேரமில்லாதவர்கள், 1983-ல் தொடங்கப்பட்ட தமிழக அரசின் டாம்ப்கால் நிறுவனத்தின் கூந்தல் தைலத்தை வாங்கிக்கொள்ளலாம்.