வலி மாத்திரையும் வயிற்றுப் பூச்சும்

மாலை ஏழு மணிக்குத் தி. நகரில் ஒரு மருந்துக் கடை வாசலில் சற்று நின்று பாருங்கள். துணிக்கடையில் பகலெல்லாம் நின்றே வேலை பார்த்த பெண் வருவாள். "அண்ணா, கால் வலிக்கு ரெண்டு மாத்திரை குடுங்க" என்பாள். அட்டையில் இரண்டைக் கத்தரித்து நீட்டுவார் கடைக்காரர். டைக்ளோஃபெனாக் 'எச்' அட்டவணை மருந்து. மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது. அட்டையின் பின்புறம் அச்சிட்டிருப்பதைப் படிப்பார் யார்?

இது வயிற்றைப் புண்ணாக்குவது ஏன் என்று தேர்வில் கேட்டால் நமக்கு விடை தெரியும். ஆஸ்பிரின் வகை மருந்துகள் புராஸ்டகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கின்றன என்று 1971-இல் ஜான் வேன் காட்டினார். 1982-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். வலி குறைவதும் அதனால்தான், வயிற்றைக் காக்கும் சளி குறைவதும் அதனால்தான் என்று எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும். என்னைக் கேட்டால் அது பாதி விடையே.

மறுபாதி கொழுப்பில் இருக்கிறது. இரைப்பையின் உட்பரப்பில் பாஸ்பாடிடைல்கோலின் முதலிய லிப்பிடுகள் படிந்து, நீர் ஒட்டாத பூச்சாக அமைந்துள்ளன. சேப்பங்கிழங்கு இலைமேல் தண்ணீர் உருண்டோடுகிறதல்லவா, அதுபோல அமிலம் ஒட்டாமல் விலகி நிற்கிறது. இம்மருந்துகள் அந்த லிப்பிடுகளோடு பிணைந்து பூச்சைக் கெடுக்கின்றன என்பதை டெக்சாஸில் லிக்டன்பெர்கர் குழுவினர் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து எழுதியுள்ளனர்.

இன்னொன்றும் உண்டு. ஆஸ்பிரின் ஒரு மென் அமிலம். இரைப்பையின் கடும் அமிலத்தில் அதன் மூலக்கூறுகளில் பெரும்பாலானவை மின்னூட்டமின்றி இருப்பதால், செல் படலத்தின் கொழுப்பில் கரைந்து எளிதாக உள்ளே போய்விடும். உள்ளே நடுநிலைச் சூழல், மின்னூட்டம் பெற்றுவிடும், வந்த வழியே திரும்ப முடியாமல் அங்கேயே தேங்கும். எலிப்பொறிக்குள் போன எலியின் கதைதான், ஆனால் இங்கே சேதம் பொறிக்கு!

"நான் போடுவது குடலில் கரையும் மாத்திரை, பயமில்லை" என்பார் சிலர். நேரடித் தாக்குதல் குறையும், உண்மை. ஆனால் இரத்தத்தில் கலந்த மருந்து புராஸ்டகிளாண்டினைத் தடுக்காமல் விடுமா? சாப்பிட்டபின் போட்டாலும் இதே கதைதான். ஆகவே இரண்டு பாதிகளையும் சேர்த்துக் கற்பித்தால்தான் பாடம் கடைத்தெரு வரை போகும் என்பது என் கருத்து.

கால் வலிக்கு மாத்திரையைவிட நாற்காலி மேல். கடை ஊழியருக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழகச் சட்டம் திருத்தப்பட்டது. நம் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஒரு சனிக்கிழமை தி. நகருக்குப் போய், மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிட்டு, நாற்காலி போட்டாயிற்றா என்றும் கேட்டு வரலாமே.