மலை முழுக்க ஒரே செடியா?



பூண்டுலோயாவில் பழைய விதைத் தேயிலையைப் பிடுங்கி வீ.பீ. கன்று நடுவதைப் பற்றி நிர்வாகங்கள் பெருமை பேசுகின்றன. மறுநடுகையை நாம் எதிர்க்கவில்லை. வெற்றிடம் விழுந்த கிழட்டு மலையில் கூடை நிறையாமல் அரைப்பேரோடு லயத்துக்குத் திரும்புகிறவர்கள் நாம்தானே! வீ.பீ. மலையில் கொழுந்து கூடுதல் என்பது நம் கைக்குத் தெரியும். நாம் கேட்பது ஒன்றுதான்: மலை முழுக்க ஏன் ஒரே இனம்?

தேயிலைப் பூ பெரும்பாலும் வேறு செடியின் மகரந்தத்தால்தான் காய்க்கும். அதனால் விதைச் செடிகள் ஒரு வயிற்றுப் பிள்ளைகளைப் போல ஒன்றுக்கொன்று வேறுபடும். நோய் வந்தால் சில சாயும், சில நிற்கும். வீ.பீ. கன்று அப்படியல்ல. ஒரு செடியின் தண்டை வெட்டித் தவறணையில் வேர்பிடிக்க வைத்தது அது. ஆயிரம் கன்று நட்டாலும் அதே ஒரு செடிதான். ஒன்றால் தாங்க முடியாத நோயை மலையே தாங்காது.

இனங்கள் பல இருக்கின்றனவே என்பார்கள். தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையம் தந்த டி.ஆர்.ஐ. 2023, 2025, 2026 ஆகியவை ஏ.எஸ்.எம். 4/10 என்ற ஒரே தாய்ச் செடியின் விதைவழி வந்தவை. பெயர் மூன்று, தாய் ஒன்று!

இது வெறும் பூச்சாண்டி அல்ல. தேயிலைக்கு முன் இந்த மலைகளில் கோப்பிதான் நின்றது. 1869இல் இலைத்துரு நோய் கண்டது. 1880இல் அதை ஆராய வந்த மார்ஷல் வார்ட், காற்றில் பரவும் நோய்க்கு இடைவெளியில்லாத ஒரே பயிர் வழிவிட்டதை எடுத்துக்காட்டினார். சுமார் 20 வருடத்தில் கோப்பி முடிந்தது. தோட்டங்கள் கைவிடப்பட்டன, தொழிலாளர் வேலையிழந்தனர். 1946இல் தேயிலைக்குக் கொப்புள நோய் வந்தது. மழைக்காலத்தில் இன்றும் அது நம் கொழுந்தைக் கெடுக்கிறது.

கம்பனிக்கு நட்டம் வந்தால் கணக்குப் புத்தகத்தில் எழுதி முடிப்பார்கள். நமக்கோ பேர் போகும், சேமலாப நிதி குறையும், அடுப்பு அணையும். இனத்தைத் தெரிவு செய்வது அவர்கள், பட்டினி கிடப்பது நாமா?

எங்கள் கோரிக்கைகள்:

1. மறுநடுகை செய்யும் ஒவ்வொரு மலையிலும் வெவ்வேறு தாய்வழி வந்த பல இனங்களை நட வேண்டும்.

2. பழைய மலையைப் பிடுங்குமுன், நோயையும் வெயிலையும் தாங்கி நின்ற செடிகளைக் கொழுந்தெடுக்கும் பெண்களிடம் கேட்டு அடையாளமிட வேண்டும். அவற்றின் தண்டை எடுத்துத் தவறணையில் காக்க வேண்டும். முப்பது வருடம் ஒரே நிரையில் நடந்த கைகளுக்கு அந்தச் செடிகள் தெரியும்.

3. நோயாலோ வறட்சியாலோ கொழுந்து குறைந்தால் கிலோக் கணக்கையும் குறைக்க வேண்டும். அரைப்பேர் போடக்கூடாது.

தோட்டத் தலைவர்மாரே, மாதர் தலைவிமாரே! அடுத்த பேச்சுவார்த்தையில் சம்பளத்தோடு இதையும் மேசையில் வையுங்கள். பிடுங்கி எரித்த செடி திரும்ப வராது. பிடுங்குமுன் பேசுவோம்!